எத்தனை பிரதிக்கு மேல் எந்த முறை மலிவு: பைத்தானில் பிரேக்-ஈவன் கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஒரே வேலையை இரண்டு மூன்று வழிகளில் செய்யலாம் என்றால், எந்த அளவு வரை எந்த வழி மலிவு என்ற கேள்வி எல்லாத் தொழிலிலும் வரும். இங்கே அச்சகத்து உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். டிஜிட்டல் பிரிண்ட் (தகடு இல்லாமல் ஃபைலிலிருந்து நேராக அச்சடிப்பது), சின்ன ஆஃப்செட் மெஷின், பெரிய ஆஃப்செட் மெஷின் (இரண்டுக்கும் அச்சுத் தகடு வேண்டும்) என்று மூன்று வழிகள். சிவகாசியிலும் திருவல்லிக்கேணியிலும் ஆர்டர் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. பெரும்பாலும் பழக்கத்தில் பதில் சொல்லிவிடுகிறோம்.

இது லாப நஷ்ட பிரேக்-ஈவன் அல்ல. விற்கிற விலை இந்தக் கணக்குக்குள் வராது. இரண்டு செய்முறைகளின் மொத்தச் செலவு எந்த எண்ணிக்கையில் சமமாகிறது என்பது மட்டும்தான் கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு விற்பனை விலையை உள்ளே நுழைப்பவர்கள் நிறையப் பேர். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அதே விலை வந்து அடிபட்டுப்போகும், அவ்வளவுதான்.

முன்கூட்டியே ஒன்று: கீழே வரும் ரேட் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். உங்கள் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: "12×18 அங்குலம், 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், ஒரு பக்கம் மல்டிகலர், 1 முதல் 20,000 தாள் வரை, எந்த முறை மலிவு?"

இந்த வரியில் மூன்று விஷயம் உறுதியாகிறது. முதலாவது, எண்ணும் அலகு. தாளா, பிரதியா, இம்ப்ரெஷனா (மெஷின் ஒருமுறை அச்சடிப்பது)? பெரிய மெஷினில் நாலு அப் (ஒரு பெரிய தாளில் நம் தாள் நாலு) போட்டால் ஒரு இம்ப்ரெஷனில் நாலு தாள் வந்துவிடும். சின்ன மெஷினில் ஒன்றுதான். ஒரு முறைக்கு இம்ப்ரெஷனிலும் இன்னொன்றுக்குத் தாளிலும் செலவைப் போட்டால் விடை நாலு மடங்கு தப்பும். தப்பியது பார்த்த உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து.

இரண்டாவது, வேலை மாறாது என்ற உறுதி. இரு பக்கம் என்றால் பிளேட் (அச்சுத் தகடு) எண்ணிக்கை மாறும், லேமினேஷன் என்றால் இன்னொரு செலவு சேரும். ஒவ்வொரு மாதிரி வேலைக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

மூன்றாவது, எல்லை. உங்களுக்கு 20,000 தாளுக்கு மேல் ஆர்டரே வராது என்றால் 50,000-இல் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

## 2. செலவை மூன்று வகையாகப் பிரியுங்கள்

நிலையான செலவு, மாறும் செலவு என்று இரண்டாகப் பிரிக்கத்தான் பாடத்தில் சொல்வார்கள். நடைமுறைக்கு அது போதாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: படிப்படியாக ஏறும் செலவு. ஆஃப்செட்டில் ஓட்டுக்கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். 300 தாள் ஓட்டினாலும் ஆயிரத்துக்கான கூலிதான். 1,001 தாள் என்றால் இரண்டாயிரத்துக்கான கூலி.

நம் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

டிஜிட்டல்: ஃபைல் சரிசெய்து சாம்பிள் எடுக்க ஒருமுறை ₹300. தாளுக்கு கிளிக் சார்ஜ் (ஒரு தாள் அச்சடிப்பதற்கான கட்டணம்) ₹7, காகிதம் ₹2. படி எதுவும் இல்லை.

சின்ன மெஷின்: நாலு பிளேட், ஒன்று ₹350 வீதம் ₹1,400. மேக்ரெடி (மெஷினை ஓட்டத்துக்குத் தயார்செய்வது) ₹1,100. கலர் செட் ஆகும் வரை வீணாகும் 150 தாள், ₹2 வீதம் ₹300. ஆக ஒருமுறைச் செலவு ₹2,800. ஓட்டுக்கூலி ஒவ்வொரு 1,000 இம்ப்ரெஷனுக்கும் ₹500. காகிதம் தாளுக்கு ₹2.

பெரிய மெஷின்: நாலு பிளேட், ஒன்று ₹700 வீதம் ₹2,800. மேக்ரெடி ₹1,400. வேஸ்டேஜ் 75 பெரிய தாள், அதாவது நம் அளவில் 300 தாள், ₹600. ஆக ₹4,800. ஓட்டுக்கூலி 1,000 இம்ப்ரெஷனுக்கு ₹900. நாலு அப் என்பதால் இது 4,000 தாளுக்கு ஒருமுறை ஏறும். காகிதம் அதே ₹2.

இந்தப் பட்டியலில் மற்ற எதையும்விட அதிகமாகத் தவறுவது காலம். பிளேட் செலவு ஒரு வேலைக்கு உரியது. மெஷின் தவணையும் கடை வாடகையும் மாதத்துக்கு உரியவை. இரண்டையும் "நிலையான செலவு" என்று ஒரே கட்டத்தில் கூட்டிவிட்டால், ஒரு நோட்டீஸ் வேலையின் தலையில் மாத வாடகை முழுவதும் ஏறி உட்காரும். ஒரு வேலைக்கான கணக்கு என்றால் அந்த வேலையால் புதிதாக வரும் செலவு மட்டும்தான் சேர வேண்டும். மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு மாதக் கணக்கு தனியாகப் போடுங்கள். அதில் அலகு மாதத்துக்கு எத்தனை தாள் என்பதாக இருக்கும்.

ஆபரேட்டர் சம்பளமும் இப்படித்தான். அவர் மாதச் சம்பளக்காரர், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சம்பளம் உண்டு என்றால் அது இந்த ஒப்பீட்டுக்கு வெளியே. ஓவர்டைம் கொடுத்து ஓட்டுவதாக இருந்தால் உள்ளே.

ஜிஎஸ்டி விஷயத்தில் விதி எளிது: உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியை) கழித்துக்கொள்பவர் என்றால் எல்லா முறைக்கும் வரி நீக்கிய விலை, கழிக்க முடியாதவர் என்றால் எல்லாவற்றுக்கும் வரி சேர்த்த விலை. டிஜிட்டல்காரர் தந்த கொட்டேஷன் வரியோடும் உங்கள் சொந்த மெஷின் கணக்கு வரியில்லாமலும் இருந்தால் ஒப்பீடே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓடும் தாளுக்கான காகிதம் மூன்று முறையிலும் ₹2-தான். ஒப்பிடும்போது அது அடிபட்டுப்போகும். வேஸ்டேஜில் மட்டும்தான் காகித விலை வேலை செய்கிறது. கொட்டேஷன் போடக் காகித விலை மிக முக்கியம். முறையைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு முக்கியமில்லை. இதை 8-ஆம் படியில் எண்ணிலேயே பார்ப்போம்.

## 3. கையால் ஒருமுறை போடுங்கள்

நிரல் தரும் விடை சரியா என்று பார்க்க உங்களிடம் ஒரு விடை ஏற்கெனவே இருக்க வேண்டும். அதனால் இந்தப் படி நிரலுக்கு முன்னால் வருகிறது.

படிச்செலவைத் தட்டையாக்கி, சின்ன மெஷினுக்கு ஓட்டுக்கூலி தாளுக்கு 50 பைசா என்று வைத்தால் அதன் செலவு 2,800 + 2.50 × தாள். டிஜிட்டல் 300 + 9 × தாள். ஒருமுறைச் செலவின் வித்தியாசத்தைத் தாள் செலவின் வித்தியாசத்தால் வகுத்தால் 2,500 ÷ 6.5 = 384.6. அதாவது 385 தாளிலிருந்து ஆஃப்செட் மலிவு என்று வரும்.

அந்த விடை தவறு. 400 தாள் ஓட்டினால் யாரும் ₹200 கூலி வாங்க மாட்டார்கள், முழு ₹500-தான். அப்படிப் பார்த்தால் முதல் ஆயிரத்துக்குள் சின்ன மெஷினின் செலவு 3,300 + 2 × தாள். 3,000 ÷ 7 = 428.57. ஆக 429 தாளிலிருந்துதான் ஆஃப்செட் மலிவு.

சரிபாருங்கள். 428 தாளுக்கு டிஜிட்டல் ₹4,152, சின்ன மெஷின் ₹4,156. 429 தாளுக்கு டிஜிட்டல் ₹4,161, சின்ன மெஷின் ₹4,158. மாறிவிட்டது. இந்த நாலு எண்ணையும் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

## 4. பைத்தானைத் தயார் செய்யுங்கள்

பைத்தான் 3 வேண்டும். அதோடு நம்பை (எண் வரிசைகளை ஒரேயடியாகக் கணக்கிட), சைபை (சமன்பாடு தீர்க்க) என்ற இரண்டு லைப்ரரிகள், அதாவது தயார்நிலைக் கட்டளைத் தொகுப்புகள். வேலைக்கென்று தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்ற வேலைகளோடு கலக்காத பைத்தான் இடம்) ஒன்றை உருவாக்கி, அதற்குள் பிப் என்ற நிறுவும் கருவி கொண்டு இரண்டையும் நிறுவுங்கள். தனியாக வைப்பதற்குக் காரணம், வேறு ஏதோ வேலைக்காக லைப்ரரியின் பதிப்பை மாற்றும்போது இந்தக் கணக்கு உடையக்கூடாது.

உங்கள் கோப்புக்கு நம்பை என்றோ சைபை என்றோ பெயர் வைக்காதீர்கள். பைத்தான் லைப்ரரியைத் தேடும்போது முதலில் உங்கள் கோப்பைத்தான் கண்டுபிடிக்கும். பிறகு "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று பிழை சொல்லும். புதியவர்கள் லைப்ரரியைத் திரும்பத் திரும்ப நீக்கி நிறுவிக்கொண்டிருப்பார்கள். கோளாறு கோப்பின் பெயரில் இருக்கும்.

லைப்ரரிக் கட்டளைகளின் பெயரை இங்கே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். ஆனால் வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 தாராளமாக ஏற்கும். கணக்குப் பார்க்கிறவருக்கும் படிக்க வசதி. சில தமிழ் விசைப்பலகைகள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்றை எழுத்துக்கு நடுவில் போட்டுவிடும். அப்போது அச்சிடமுடியாத எழுத்து என்று பிழை வரும். அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறு விசைப்பலகையில் அடித்தால் சரியாகிவிடும்.

## 5. எல்லா எண்ணிக்கைக்கும் செலவைப் போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராகச் சமன்பாடு தீர்க்கும் கட்டளைக்கு ஓடுவார்கள். வேண்டாம். 20,000 எண்ணிக்கைக்கும் மூன்று முறைக்கும் மொத்தச் செலவைப் போட நம்பைக்கு ஒரு கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது. தாள் முழு எண்ணில்தான் வரும், எல்லையும் தெரியும் என்கிறபோது, எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பதுதான் ஏமாற்றாத வழி.

நம்பையின் ஏரேஞ்ச் கட்டளைக்கு 1, 20001 என்று கொடுத்து, கிடைக்கும் வரிசைக்குத் தாள் என்று பெயர் வையுங்கள். கடைசி எண்ணை ஏரேஞ்ச் சேர்க்காது, அதனால்தான் 20001. பிறகு இந்த வரிகள்:

காகிதம் = 2
கிளிக் = 7
சின்ன_பிளேட் = 350
பெரிய_பிளேட் = 700

டிஜிட்டல் = 300 + (கிளிக் + காகிதம்) * தாள்

சின்ன_மெஷின் = 4 * சின்ன_பிளேட் + 1100 + 150 * காகிதம் + 500 * -(-தாள் // 1000) + காகிதம் * தாள்

பெரிய_மெஷின் = 4 * பெரிய_பிளேட் + 1400 + 300 * காகிதம் + 900 * -(-தாள் // 4000) + காகிதம் * தாள்

தாள் என்பது ஒரு எண் அல்ல, 20,000 எண்களின் வரிசை. அதனால் ஒவ்வொரு வரியும் 20,000 விடைகளை ஒரேயடியாகத் தருகிறது. லூப் எழுதத் தேவையில்லை.

விலைகளுக்கு ஏன் பெயர் வைத்தோம்? பிறகு ரேட் மாறும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும். 2,800 என்று நேராக எழுதிவிட்டால், அதற்குள் காகித விலை ஒளிந்திருப்பது இரண்டு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும்.

அந்த -(-தாள் // 1000) கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். இரண்டு சாய்கோடு என்பது வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவது. நமக்கு வேண்டியது மேல்நோக்கி. குறியை மாற்றி, கீழ்நோக்கி வகுத்து, மறுபடி குறியை மாற்றினால் மேல்நோக்கி ஆகிவிடும். நம்பையின் சீல் கட்டளையும் இதையே செய்யும், ஆனால் விடையைத் தசம எண்ணாகத் தரும்.

இந்த ஒரு இடத்தில்தான் அதிகப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வெறும் தாள் // 1000 என்று எழுதினால் 999 தாளுக்கு ஓட்டுக்கூலி பூஜ்யம் ஆகிவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று தாள் // 1000 + 1 என்று எழுதினால், சரியாக 1,000 தாளுக்கு இரண்டாயிரத்தின் கூலி விழும். அதனால் 999, 1000, 1001 மூன்றையும் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். சின்ன மெஷினில் 1,000 தாளுக்கு ₹5,300, 1,001 தாளுக்கு ₹5,802 வர வேண்டும்.

பைசா வரும் ரேட் என்றால் எல்லாவற்றையும் பைசாவாகவே, முழு எண்ணாகவே எழுதுங்கள். தசம எண்களை இரண்டின் அடுக்கில் சேமிக்கும்போது மிக நுண்ணிய பிசகு வரும். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் பைத்தானில் அது 0.3-க்குச் சமமில்லை. இரண்டு செலவு சமமா என்று பார்க்கும் கணக்கில் இந்தப் பிசகு நேராக விடையில் கைவைக்கும்.

பெரிய மெஷினில் தாள் நாலின் மடங்காக இல்லாவிட்டால் மூன்று தாள் வரை கூடுதலாக ஓடும். அதிகபட்சம் ₹6. அதை விட்டுவிட்டேன். எதை விட்டோம் என்று கோப்பிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தால் நல்லது.

## 6. எது எங்கே வெல்கிறது என்று வரைபடம் ஆக்குங்கள்

மூன்று செலவு வரிசையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே அட்டவணை ஆக்குங்கள். வரிசைக்கு ஒரு முறை, பத்திக்கு ஒரு எண்ணிக்கை. அதன் மேல் ஆர்க்மின் கட்டளையைப் போட்டால் ஒவ்வொரு பத்தியிலும் மிகக் குறைந்த செலவு எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லும்: 0 என்றால் டிஜிட்டல், 1 சின்ன மெஷின், 2 பெரிய மெஷின்.

ஆக்சிஸ் 0 (பத்தி பத்தியாகப் பார் என்று அர்த்தம்) என்று சொல்ல மறக்காதீர்கள். மறந்தால் முழு அட்டவணையிலும் சின்ன எண் எங்கே என்று தேடி, வெறும் 0 என்ற ஒரே எண்ணைத் தரும். ஒரு தாள் டிஜிட்டலில் ₹309, அதுதான் அட்டவணையிலேயே குறைந்த செலவு. "எல்லா எண்ணிக்கைக்கும் டிஜிட்டல்தான் மலிவு" என்று அதைப் படித்துவிடுவார்கள்.

அப்புறம் ஆர்க்மின் விடையின் மேல் டிஃப் கட்டளை. அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை அது தரும். பூஜ்யம் இல்லாத இடங்களில் வெற்றியாளர் மாறுகிறார். அந்த இடங்களை நான்ஜீரோ கட்டளை எடுத்துத் தரும். நமக்கு வருவது: 427, 6999, 7999, 8999.

இவை தாள் எண்ணிக்கை அல்ல, வரிசையில் இருக்கும் இடம். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும், டிஃப் ஓர் இடம் முன்னால் நிற்கும். ஒவ்வொன்றோடும் 1 கூட்டி, அந்த இடத்தில் தாள் வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அப்போது கிடைப்பவை 429, 7001, 8001, 9001. முதல் எண் நாம் கையால் போட்ட 429-உடன் பொருந்துகிறது. பொருந்தவில்லை என்றால் மேலே போகாதீர்கள், திரும்பிப் போய்ச் செலவு வரிகளைப் பாருங்கள்.

இப்போது விடையைப் படிப்போம். 428 வரை டிஜிட்டல். 429 முதல் 7,000 வரை சின்ன மெஷின். 7,001 முதல் 8,000 வரை பெரிய மெஷின். 8,001 முதல் 9,000 வரை மறுபடியும் சின்ன மெஷின். 9,001 முதல் மேலே எல்லாம் பெரிய மெஷின்.

நடுவில் சின்ன மெஷின் திரும்பி வருவது பிழை அல்ல. 8,001-ஆவது தாளில் பெரிய மெஷினின் மூன்றாவது ஓட்டுக்கூலி ₹900 ஏறுகிறது. சின்ன மெஷினுக்கு ₹500-தான் ஏறுகிறது. அதுவரை ₹200 மலிவாக இருந்த பெரிய மெஷின் ஒரே தாளில் ₹200 அதிகமாகிவிடுகிறது. படிச்செலவைத் தட்டையாக்கிப் போட்டவருக்கு 2,000 ÷ 0.275 = 7,272.7 என்று ஒரே புள்ளி கிடைத்திருக்கும். அதை நம்பி 8,500 தாளைப் பெரிய மெஷினில் ஏற்றியிருப்பார். பிரேக்-ஈவன் என்றால் ஒரே ஒரு புள்ளி என்ற எதிர்பார்ப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

டிஜிட்டலும் பெரிய மெஷினும் எங்கே சமமாகின்றன? 5,400 ÷ 7 = 771.4, அதாவது 772 தாள். இரண்டிரண்டாக ஒப்பிடுகிறவர்கள் இந்த எண்ணையும் அறிக்கையில் எழுதிவிடுவார்கள். ஆனால் 772 தாளுக்கு அந்த இரண்டும் ₹7,240-க்கு மேல். சின்ன மெஷின் ₹4,844. முதலிடத்தில் இல்லாத இருவரின் போட்டி அது. ஆர்க்மின் வழியில் போனால் இந்தப் போலிப் புள்ளி தலைகாட்டவே செய்யாது. மூன்று முறையோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டிரண்டாக ஒப்பிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சமநிலை வந்தால் ஆர்க்மின் முதலில் இருக்கும் வரிசையைத் தேர்ந்தெடுக்கும். அதனால் செலவு சமம் என்றால் உங்களுக்கு எது வசதியோ அதை மேலே வையுங்கள். சீக்கிரம் கைக்கு வருகிறது என்பதால் நான் டிஜிட்டலை மேலே வைத்தேன்.

படம் வரைய ஆசை என்றால் மொத்தச் செலவை வரையாதீர்கள். 20,000 தாளில் ஆஃப்செட் கோடுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எதுவும் தெரியாது. சின்ன மெஷினிலிருந்து பெரிய மெஷினைக் கழித்து, அந்த வித்தியாசத்தை வரையுங்கள். பூஜ்யத்தைக் கோடு தாண்டும் இடமெல்லாம் பளிச்சென்று தெரியும்.

## 7. சைபையை எங்கே பயன்படுத்துவது

சைபையின் ஆப்டிமைஸ் பகுதியில் பிரெண்ட்க்யூ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு சார்பும் இரண்டு எல்லையும் கொடுத்தால், இடையில் அந்தச் சார்பு பூஜ்யமாகும் இடத்தைத் தரும். நிபந்தனை ஒன்று: இரண்டு எல்லையிலும் விடையின் குறி எதிரெதிராக இருக்க வேண்டும்.

டிஜிட்டலிலிருந்து சின்ன மெஷினைக் கழித்துச் சார்பாக்கி, 1, 1000 என்று எல்லை கொடுத்தால் 428.57 வரும். 1, 300 என்று கொடுத்தால் பிழை காட்டும். அது நிரல் கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல. 300 தாள் வரை இரண்டும் சமமாகவில்லை என்பதே பதில். பிழையை மறைக்க எல்லையைக் கன்னாபின்னாவென்று விரிப்பதற்கு முன், அந்த எல்லையில் உங்களுக்கு ஆர்டர் வருமா என்று யோசியுங்கள்.

விடை தசமமாக வந்தால் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் ரவுண்ட் கட்டளையைப் போடாதீர்கள். 428.57-க்கு அது தற்செயலாகச் சரியாக வரும். 428.3 என்று வந்திருந்தால் 428 என்று தந்து உங்களை மலிவில்லாத பக்கத்தில் நிறுத்தும். கீழ்நோக்கி முழு எண்ணாக்கி 1 கூட்டுங்கள்.

சின்ன மெஷினையும் பெரிய மெஷினையும் பிரெண்ட்க்யூவிடம் கொடுத்தால்தான் சிக்கல். 1-லும் 20,000-லும் குறி எதிரெதிர், அதனால் எந்தப் பிழையும் காட்டாது. மூன்று மாற்றங்களில் ஏதோ ஒன்றை மட்டும் தந்துவிட்டு அமைதியாக முடித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு இருக்கிறது என்று சொல்லாது. அந்த இடத்திலும் வித்தியாசம் பூஜ்யம் ஆவதில்லை, மைனஸ் 300-இலிருந்து 200-க்கு என்பது போலத் தாவுகிறது. சைபையின் இன்னொரு தீர்க்கும் கட்டளையான எஃப்சால்வ் இன்னும் மோசம். அது சரிவைப் பார்த்து நகரும் வகை. படிச்செலவில் தட்டையான இடத்தில் சரிவு பூஜ்யம், எங்கே போவதென்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் சைபை எதற்கு? தேடும் விஷயம் முழு எண்ணாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும்போது. உதாரணமாக, "600 தாள் ஆர்டர்கள் எனக்கு அதிகம். கிளிக் சார்ஜ் எவ்வளவுக்கு இறங்கினால் டிஜிட்டல் கட்டுப்படியாகும்?" இங்கே தாள் 600 என்று நிலையாக நிற்கிறது, கிளிக்தான் தெரியாதது. கிளிக்கை 1-இலிருந்து 10 வரை என்று எல்லை கொடுத்துத் தேடினால் விடை ₹5. சரிபார்ப்பு: 300 + 7 × 600 = 4,500; சின்ன மெஷின் 3,300 + 1,200 = 4,500. பேரம் பேசப் போகும்போது கையில் இருக்க வேண்டிய எண் இதுதான். இந்த அளவுக்குக் கைக்கணக்கே போதும் என்பது உண்மை. மை செலவு, வேகம், தள்ளுபடி என்று சேர்ந்து கோடு வளையத் தொடங்கினால் பிரெண்ட்க்யூ கைகொடுக்கும்.

## 8. விலைகளை அசைத்துப் பாருங்கள்

429 என்ற எண்ணை யாரிடமும் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு விலையாக மாற்றி நிரலை மறுபடி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

காகிதம் ₹2-இலிருந்து ₹3 ஆகிறது என்று வைப்போம். பாதி விலை ஏற்றம். பிரேக்-ஈவன் 450-க்குத்தான் நகர்கிறது, அதுவும் சரியாக 450-இல் இரண்டும் ₹4,800 என்று சமமாகி, 451-இலிருந்து ஆஃப்செட் மலிவாகிறது. ஆஃப்செட் மெஷின்கள் இரண்டுக்கும் இடையிலான 7001, 8001, 9001 கொஞ்சமும் அசையவில்லை.

கிளிக் சார்ஜ் ₹7-இலிருந்து ₹6 ஆனால் சமநிலை 500-க்குப் போகிறது. ₹8 ஆனால் 375-க்கு இறங்குகிறது. சின்ன பிளேட் ₹350-இலிருந்து ₹450 ஆனால் 486.

ஆக, டிஜிட்டலா ஆஃப்செட்டா என்ற முடிவை ஆட்டிவைப்பவை கிளிக் சார்ஜும் பிளேட்டும்தான். எந்த ரேட்டை அடிக்கடி விசாரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. காகித ரேட்டைத் துல்லியமாக்க மெனக்கெடுகிறவர்கள் கிளிக் சார்ஜைப் பழைய பில்லிலிருந்து எடுத்துப் போடுவதைப் பார்க்கிறேன்.

அடுத்து, வித்தியாசத்தின் அளவையும் பாருங்கள். 7,001 முதல் 10,000 வரை இரண்டு ஆஃப்செட் மெஷினுக்கும் இடையே வித்தியாசம் ₹200 அல்லது ₹300. 8,000 தாளுக்கு மொத்தச் செலவு ₹22,600-க்கும் ₹22,800-க்கும் நடுவில். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நாம் போட்ட வேஸ்டேஜ் மதிப்பீடே அதைவிட அதிகமாகத் தப்பலாம். இந்த எல்லைக்குள் எந்த மெஷின் காலியாக இருக்கிறது, எது சீக்கிரம் முடிக்கும் என்று பார்த்து முடிவெடுங்கள். நிரல் 8,001 என்று சொல்கிறதே என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தி மாற்றுவது வீண் வேலை.

## 9. மறுபதிப்பு வந்தால் தனிக் கணக்கு

"இப்போது 400 போதும், அப்புறம் ஒரு 300 வேண்டியிருக்கும்" என்று சொல்லும் வாடிக்கையாளர்கள்தான் அதிகம். இந்த ஆர்டரை மேலே போட்ட கணக்கில் அப்படியே நுழைக்க முடியாது.

பிளேட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் மறுபதிப்பில் சின்ன மெஷினுக்கு பிளேட் செலவு ₹1,400 இல்லை. டிஜிட்டலுக்கும் ஃபைல் சரிசெய்யும் ₹300 இல்லை. சின்ன மெஷின் 1,900 + 2 × தாள், டிஜிட்டல் 9 × தாள். 1,900 ÷ 7 = 271.4. ஆக மறுபதிப்பில் 272 தாளிலேயே ஆஃப்செட் வெல்லத் தொடங்கிவிடுகிறது. முதல் பதிப்புக்கு 429 என்ற பழக்கத்தில் 300 தாள் மறுபதிப்பை டிஜிட்டலுக்கு அனுப்பினால் ₹2,500-இல் முடிவது ₹2,700 ஆகும்.

முழுத் தொகையும் பாருங்கள். முதலில் 400 டிஜிட்டலில் ₹3,900, பிறகு 300 டிஜிட்டலில் ₹2,700, ஆக ₹6,600. ஆரம்பத்திலேயே 700 ஆஃப்செட்டில் ஓட்டினால் ₹4,700. ஆனால் அந்த இரண்டாவது ஆர்டர் வராமலே போனால், 400-க்கு ₹3,900 போதுமாக இருந்த இடத்தில் ₹800 கூடுதலாகக் கொடுத்து 300 தாளை அலமாரியில் வைத்திருப்பீர்கள். வருமா வராதா என்பதை எந்த லைப்ரரியும் சொல்லாது. வாடிக்கையாளரிடம் கேட்டு, ₹800-ஐ ஏற்றுக்கொள்கிறாரா என்று அவரையே முடிவு செய்ய விடுங்கள்.

நிரலில் இதற்குத் தனிக் கோப்பு வேண்டாம். பிளேட்டின் விலையைப் பூஜ்யம் ஆக்கி, 300 என்று நேராக எழுதியிருக்கும் ஃபைல் செலவுக்கும் ஒரு பெயர் வைத்துப் பூஜ்யம் ஆக்கினால் போதும். கோப்பின் முதல் வரியில் ரேட் எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதிவையுங்கள். ரேட் மாறிய மறுநாள் முதல் வேலை, 428-க்கும் 429-க்கும் கையால் போட்ட அந்த நாலு எண்ணைப் புதுப்பிப்பது. அதற்குப் பிறகுதான் நிரல்.